ஆடாத ஆட்டத்துக்கு எத்தனை விளம்பரம்?

நெட்ஃப்ளிக்ஸில் 'தி கிரேட்டஸ்ட் ரைவல்ரி: இந்தியா வெர்சஸ் பாகிஸ்தான்' என்றொரு ஆவணத் தொடர் இருக்கிறது, பார்த்தீர்களா? 2025 பிப்ரவரி 7 அன்று வந்தது. மூன்றே பாகங்கள், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். நம்ம பக்கம் சேவாக், கங்குலி, கவாஸ்கர், அஸ்வின். அந்தப் பக்கம் மியாண்டட், இன்சமாம், வக்கார் யூனிஸ், ஷோயப் அக்தர். எல்லோரும் உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அக்தர் வாயைத் திறந்தால் யாருக்குத்தான் அலுக்கும்? ஆனால் அந்த வரிசையில் அஸ்வின் முகம் வந்தபோது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நம்ம சென்னைக்காரர். 106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியாவுக்காக அவரைவிட அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் கும்ப்ளே ஒருவர்தான். அப்படிப்பட்டவர் பாகிஸ்தானுக்கு எதிராக எத்தனை டெஸ்ட் ஆடியிருக்கிறார் தெரியுமா?

பூஜ்யம்.

சரி, விராட் கோலி? 123 டெஸ்ட் ஆடிவிட்டு 2025 மே மாதம் டெஸ்டுக்கு முழுக்குப் போட்டார். அவருக்கும் பூஜ்யம். எதிரணியில் பாபர் ஆசம்? இந்தியாவுக்கு எதிராக அவருக்கும் பூஜ்யம்தான். இரண்டு நாடும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பர் 8 முதல் 12 வரை, பெங்களூரில். கங்குலி 239 அடித்த ஆட்டம். அப்போது நான் நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை. 1952-ல் டில்லியில் ஆரம்பித்த கணக்கு அது. மொத்தம் 59 டெஸ்ட். இந்தியா 9, பாகிஸ்தான் 12, டிரா 38. அதோடு நின்றுவிட்டது.

தொடரின் பெரும் பகுதி 2004 சுற்றுப்பயணத்தைச் சுற்றியே போவதில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பிறகு எதைக் காட்டுவார்கள்? சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு முழுத் தொடர் வேண்டுமென்றால் இருபது வருஷம் பின்னால்தான் போயாக வேண்டும். இந்தப் போட்டி இன்று உயிரோடு இல்லை, அதன் பெயர் மட்டும் விற்பனையில் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. கோபப்படாமல் கொஞ்சம் கேளுங்கள்.

தட்டுப்பாடு என்னும் தந்திரம்

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகம்தான் ஞாபகம் வரும். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு கடை பல வருஷம் நல்ல சரக்கு விற்று, வாடிக்கையாளரிடம் சம்பாதிக்கிற பேர். கடை கை மாறும்போது அந்தப் பேருக்கும் தனியாக விலை போடுவார்கள். புதிதாகக் கடையை வாங்கியவர் சரக்கின் தரத்தைக் குறைத்தாலும் கொஞ்ச காலம் வியாபாரம் ஓடும். பழைய பேர் ஓட்டும்.

இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட்டில் இப்போது ஓடுவது அந்தப் பழைய பேர்தான். 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, அடுத்து போக வேண்டியிருந்த பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தை இந்தியா ரத்து செய்தது. 2008-ல் நடந்த முதல் ஐ.பி.எல்.லில் அதிக விக்கெட் எடுத்தவர் ராஜஸ்தான் அணியில் ஆடிய பாகிஸ்தானின் சொஹைல் தன்வீர், 22 விக்கெட். அடுத்த வருஷத்திலிருந்து பாகிஸ்தான் வீரர்கள் அங்கே கிடையாது. நடுவில் 2012 டிசம்பர் கடைசியிலும் 2013 ஜனவரியிலும் பாகிஸ்தான் இங்கே வந்து இரண்டு இருபது ஓவர் ஆட்டமும் மூன்று ஒருநாள் ஆட்டமும் ஆடிவிட்டுப் போனது. இரண்டு நாடுகள் மட்டும் ஆடிய தொடர் என்றால் அதுதான் கடைசி.

ஆனால் ஐ.சி.சி. நடத்தும் போட்டிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2013 சாம்பியன்ஸ் டிராபி, 2014 இருபது ஓவர் உலகக் கோப்பை, 2015 உலகக் கோப்பை, 2016, 2017, 2021, 2022, 2024, 2025, 2026... பிரிவு பிரித்து ஆடிய ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு அணிகளும் ஒரே பிரிவு. 2019, 2023 உலகக் கோப்பைகளில் பிரிவே இல்லை, எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதின. ஆக, டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஒன்றைத் தவிர எதிலும் இந்த ஆட்டம் தவறியதில்லை. தற்செயல் என்று நினைக்கிறீர்களா? பத்து தடவை தொடர்ந்து பூ விழுந்தால் நாணயத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டோமா?

அவர்களே மறைக்கவில்லை. அப்போது ஐ.சி.சி.யின் தலைமை நிர்வாகியாக இருந்த டேவ் ரிச்சர்ட்சன், இந்த இரண்டு அணிகளும் தங்கள் போட்டிகளில் மோத வேண்டும் என்றுதான் பார்க்கிறோம் என்று 2016-லேயே ஓர் ஆங்கிலப் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். காரணமும் ஊரறிந்தது. 2024 முதல் 2027 வரைக்கான இந்திய ஒளிபரப்பு உரிமை சுமார் 300 கோடி டாலருக்குப் போனதாகச் செய்திகள் வந்தன. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவன் இந்த ஒரு ஆட்டத்துக்கு உத்தரவாதம் கேட்காமல் இருப்பானா?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தனித் தொடர்களை நிறுத்தியாச்சு, சரக்கு தட்டுப்பாடு. ஐ.சி.சி. போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் நிச்சயம், அதனால் கிராக்கி. வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற மாம்பழம் மாதிரி விலை ஏறிக்கொண்டே போகும். நெட்ஃப்ளிக்ஸ் தொடர் வந்த தேதியையும் கவனியுங்கள். பிப்ரவரி 7. சாம்பியன்ஸ் டிராபியில் துபாயில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியது பிப்ரவரி 23. நடுவில் பதினாறே நாள். வரலாற்றுப் படம் என்று உட்கார்ந்து பார்த்தது கிட்டத்தட்ட டிரெய்லராகவும் வேலை செய்தது. வியாபாரத்தில் இது தப்பே இல்லை. ஆனால் பார்க்கிற நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

2004-ல் என்ன இருந்தது?

அப்படி என்ன அந்த 2004 சுற்றுப்பயணத்தில்? பதினான்கு வருஷத்துக்குப் பிறகு இந்தியா பாகிஸ்தானில் டெஸ்ட் தொடர் ஆடப் போனது. ஆட்டத்தோடு மனங்களையும் ஜெயித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் அப்போதைய பிரதமர் வாஜ்பாய். ஆயிரக்கணக்கான இந்திய ரசிகர்களுக்கு விசா கிடைத்தது. கராச்சியில் முதல் ஒருநாள் ஆட்டம். இந்தியா 349, பாகிஸ்தான் 344. சொந்த அணி ஐந்தே ரன்னில் தோற்ற பிறகும் கராச்சி ரசிகர்கள் எழுந்து நின்று இந்திய அணிக்குக் கைதட்டினார்கள். முல்தானில் சேவாக் 309. இந்தியர் ஒருவர் அடித்த முதல் முச்சதம், பாகிஸ்தான் மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் அங்கேதான். ராவல்பிண்டியில் டிராவிட் 270. தொடர் 2-1.

நம்ம லட்சுமிபதி பாலாஜியை மறக்க முடியுமா? ராவல்பிண்டியில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 7 விக்கெட். அதைவிடப் பெரிய விஷயம், அக்தரையே சிக்ஸர் அடித்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்த அந்தச் சிரிப்பு. பாகிஸ்தான் ரசிகர்கள் அவர் பெயரை வைத்துப் பாட்டே பாடினார்கள். எதிரி நாட்டு வேகப்பந்து வீச்சாளர் மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பாசம் வந்தது எப்படி?

என்னைக் கேட்டால், நேரம்தான். ஐந்து ஒருநாள், மூன்று டெஸ்ட், ஒரு மாசத்துக்கு மேல் ஒரே நாட்டில். தினமும் டிவியில், மைதானத்தில், ஓட்டல் வாசலில் பாலாஜியைப் பார்க்கிறார்கள். எப்படி ஓடுகிறான், எப்படிச் சிரிக்கிறான், அடி வாங்கினால் முகம் எப்படிப் போகிறது என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்தவனை வெறுப்பது கொஞ்சம் கஷ்டம்.

சேப்பாக்கம் 1999-ஐயும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதைப் பற்றி எங்கள் அப்பா சொல்லாத நாளில்லை. 271 ரன் இலக்கு. முதுகு வலியோடு சச்சின் 136. அவர் அவுட் ஆனபோது வேண்டியது 17 ரன், கையில் மூன்று விக்கெட். நாலு ரன்னில் அந்த மூன்றும் காலி. பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. சக்லைன் முஷ்டாக்குக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட். மைதானமே சில நொடி உறைந்து போய், பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டது.

சென்னைக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள் என்று நாமே நம் முதுகில் தட்டிக்கொள்வது வழக்கம். நானும் தட்டிக்கொள்வேன், அதில் என்ன. :) ஆனால் கைதட்டியவர்கள் நாலு நாள் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்ரிடி 141 அடித்ததைப் பார்த்தார்கள். வெங்கடேஷ் பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட் சாய்த்ததைப் பார்த்தார்கள். சக்லைன் எப்படி ஒவ்வொரு விக்கெட்டுக்கும் உழைத்தார் என்று பார்த்தார்கள். தோல்வி வந்தபோது அது யாருடைய உழைப்புக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றரை மணி நேர ஆட்டத்தில், ஓவருக்கு ஓவர் விளம்பரத்துக்கு நடுவில், எதிரணியில் யாரை அப்படித் தெரிந்துகொள்ள முடியும்? ஜெயித்தோமா தோற்றோமா என்பது மட்டும்தான் மிச்சம்.

பழசெல்லாம் பொன் இல்லை

அந்தக் காலம் பொற்காலம் என்று கதை விடவும் நான் தயாரில்லை. 59 டெஸ்டில் 38 டிரா என்பதை மறுபடி பாருங்கள். 1954-55 தொடரில் ஐந்தும் டிரா. 1960-61-ல் இன்னொரு ஐந்தும் டிரா. யாருக்கும் ஜெயிக்கும் ஆசையைவிடத் தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் அதிகம். அதற்குப் பிறகு 1978 வரை ஆட்டமே இல்லை. நடுவில் இரண்டு போர் வந்துபோனது.

சேப்பாக்கம் டெஸ்டுக்கு முன்பே, அதே 1999 ஜனவரியில் டில்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். அடுத்த மாதம் கொல்கத்தாவில் அக்தர் மேல் இடித்து சச்சின் ரன் அவுட் ஆனதில் கலவரமாகி, கடைசியில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டுக் காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். மே மாதம் கார்கில் போர். கசப்பு எப்போதும் இருந்தது. ஆனால் அதே வருஷத்தில் சேப்பாக்கமும் இருந்தது. அடிக்கடி ஆடினால் கெட்ட நாளும் வரும், நல்ல நாளும் வரும். ஒன்றுக்கு ஒன்று ஈடாகும். இப்போது நல்ல நாள் வருவதற்கான வழியையே அடைத்துவிட்டோம்.

கை குலுக்காத கல்லாப்பெட்டி

2025 ஏப்ரல் 22. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாதம் இரண்டு நாடும் ஏவுகணையும் டிரோனும் வீசிக்கொண்டன. அதற்கு நாலு மாதம் கழித்து ஆசியக் கோப்பை. இரண்டு அணிகளும் ஒரே பிரிவு. செப்டம்பர் 14, 21, 28 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்றும் துபாயில். இந்தியா முறையே 7 விக்கெட், 6 விக்கெட், 5 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒரு ஆட்டத்திலும் இந்திய வீரர்கள் கை குலுக்கவில்லை. கடைசியில் மொஹ்சின் நக்வி கையால் கோப்பையை வாங்க மாட்டோம் என்று வெறுங்கையோடு மேடையில் கொண்டாடினார்கள். நக்வி ஆசிய கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர், பாகிஸ்தான் வாரியத்தின் தலைவர், அந்த நாட்டின் உள்துறை அமைச்சரும்கூட. இரண்டாவது ஆட்டம் முடிந்து கேப்டன் சூர்யகுமார் யாதவ் பத்திரிகையாளர்களிடம், இதைப் பெரிய போட்டி என்று சொல்வதை இனிமேல் நிறுத்துங்கள் என்றார். வெற்றிக் கணக்கு அவ்வளவு ஒருபக்கமாக இருக்கிறதாம். தொடரின் தலைப்பையே இந்திய கேப்டன் மறுத்துவிட்டார்!

இதில் என் நிலைப்பாடு என்ன என்று கேட்பீர்கள். பாகிஸ்தானோடு ஆடவே கூடாது என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். உறவை இழந்த குடும்பம் ஒன்று, எப்படி உங்களால் இதை உட்கார்ந்து ரசிக்க முடிகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆடினால்தான் உறவு மேம்படும் என்பவர்களையும் மதிக்கிறேன். இரண்டும் நேர்மையான நிலைகள். எனக்கு ஒட்டாதது நடுவில் இருக்கிற மூன்றாவது நிலை: ஆடுவோம், விளம்பரம் போடுவோம், காசு வாங்குவோம், கை மட்டும் குலுக்க மாட்டோம். கொள்கை எல்லாம் டாஸ் போடும் இடத்தில்தானா? கல்லாப்பெட்டி பக்கம் வராதா?

இதற்கும் ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிட்ட கொள்கையின்படி, பாகிஸ்தானோடு தனித் தொடர் எங்கேயும் கிடையாது, பல நாடுகள் கலந்துகொள்ளும் போட்டிகளில் ஆடலாம். உலகப் போட்டிகளில் ஒரு நாட்டோடு மட்டும் ஆட மாட்டேன் என்றால் புள்ளி போகும், நாளைக்கு ஒலிம்பிக் நடத்தக் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். நியாயமான வாதம்தான். கடமைக்காக ஆட வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பிரிவில் வைப்பது யார் விதித்த கடமை? ஐரோப்பிய கால்பந்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? செர்பியாவும் கொசோவோவும் தகுதிச் சுற்றில் ஒரே பிரிவில் வந்துவிடக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். குலுக்கலில் ஒன்றாக வந்தால் பிரித்து வேறு பிரிவில் போடுவார்கள். பகை இருக்கிற இடத்தில் அவர்கள் தள்ளி வைக்கிறார்கள். கிரிக்கெட்டில் பகை இருக்கிற இடமாகப் பார்த்துக் கடை போடுகிறோம்.

அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். குலுக்கல் போடுங்கள். டிவியில் எல்லோரும் பார்க்க, கிண்ணத்தில் சீட்டுப் போட்டு எடுங்கள். ஒரே பிரிவில் வந்தால் ஆடட்டும். வராவிட்டால் அரையிறுதிக்கோ இறுதிக்கோ இரண்டு பேரும் ஜெயித்து வந்து மோதட்டும். 2027-ல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்கப்போகும் உலகக் கோப்பையில், அறிவித்த திட்டப்படி 14 அணிகள், இரண்டு பிரிவுகள். ஆரம்பிக்க நல்ல இடம். வருமானம் குறையும், சந்தேகமில்லை. குறைகிற அந்தத் தொகைதான் இத்தனை வருஷமாக நம் கோபத்தை வைத்து எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதற்கான உண்மையான கணக்கு.

டெஸ்ட் திரும்ப வருமா? இப்போதைக்கு வராது. பஹல்காமுக்குப் பிறகு அதைக் கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நமக்குத் தெரிந்த இந்தியா-பாகிஸ்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பறக்கிற மீம், உடைகிற டிவி, விளம்பரத்துக்கு நடுவில் ஓடுகிற நாற்பது ஓவர். நமக்கு முந்தைய தலைமுறைக்குக் கிடைத்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். அவர்களுக்கு சக்லைனைத் தெரியும், அந்த ஊர்க்காரர்களுக்கு பாலாஜியைத் தெரியும். நெட்ஃப்ளிக்ஸ் தொடரை அவசியம் பாருங்கள், சேவாக்குக்காகவாவது. பார்க்கும்போது இது நடந்துகொண்டிருக்கிற கதை என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் டிவியில் உறுமுகிற குரல் வரும் பாருங்கள், அது விற்பது அந்தப் பழைய கடையின் பெயர்ப்பலகையைத்தான்.

பி.கு.: கோலி கவர் டிரைவ் ஆட, பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சாளர் மூன்றாம் நாள் மத்தியானம் பழைய பந்தை ஸ்விங் செய்ய, சேப்பாக்கத்தில் வெயிலில் வறுபட்டுக்கொண்டு அதைப் பார்க்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே போய்விட்டது. இந்த நஷ்டத்தை எந்த வாரியத்தின் லாப நஷ்டக் கணக்கிலும் எழுத மாட்டார்கள்.